சென்றது ஏன்? நின்றது ஏன்?

பழவேற்காட்டு ஏரிக்கரையிலிருந்து வந்த கிளைச் செயலாளர் ஒருவர், சென்ற திங்கள் நம் அலுவலகத் திண்ணையில் அமர்ந்து, ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் போனார். "அண்ணே, இருபதாண்டுக் காலம் நம்மோடு கொடி பிடித்தவன், இரவெல்லாம் விழித்துச் சுவரொட்டி ஒட்டியவன், மறியலில் முன்வரிசையில் நின்றவன். இன்று மாலையானால் வெளுத்த சட்டையை மாட்டிக்கொண்டு ஜெபக்கூட்டத்துக்குப் போகிறான். அவன் மனைவி அவனுக்கும் முன்னரே போய்விட்டாள். கேட்டால் சிரிக்கிறான். நாம் எங்கே தவறினோம்?"

கேள்வி இதுதான். கேட்டவர் குரலில் கோபமில்லை. இழந்த தோழனைப் பற்றிய துயரமே இருந்தது. ஆனால் அவருடன் வந்திருந்த இளைஞர் மூவர் விடையைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தனர். "அரிசி மூட்டைக்கு விலைபோய்விட்டான்" என்றார் ஒருவர். "மூளையை மழுக்கிவிட்டார்கள்" என்றார் மற்றவர். "படிப்பில்லாதவன், ஏமாந்தான்" என்றார் மூன்றாமவர்.

மூன்று விடைகளும் நமக்கு இனிப்பானவை. ஏனெனில், மூன்றிலும் குற்றம் சென்றவனுடையது, அல்லது அழைத்தவனுடையது. நம்முடையது எள்ளளவும் இல்லை! இப்படி நமக்கு வசதியாக வந்து வாய்க்கும் விடைகளைப் பகுத்தறிவாளர் முதலில் ஐயுற வேண்டும். உரைகல்லில் தேய்த்துப் பார்ப்போம், வாருங்கள்.

அரிசிக்குச் சென்றான் என்பது உண்மையானால், அரிசி தீர்ந்த அன்று அவன் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. அது மட்டுமா? பல சபைகளில் அவன் வாங்குபவன் அல்லன், கொடுப்பவன். பத்தில் ஒரு பங்கு வருவாயைத் தசமபாகம் என்று எடுத்துவைக்கிறான். நம் கட்சி நிதிக்கு உண்டியலை நீட்டினால் நாணயம் தேடுகிற கை, அங்கே கேளாமலே நீள்கிறது. விலைபோனவன் பணம் வாங்குவான். பணம் கொடுப்பவனை விலைபோனான் என்பது எந்தக் கணக்கு?

மூளையை மழுக்கினார்கள் என்பதையும் பார்ப்போம். இந்த ஐயத்தை மேலைநாட்டார் நம்மைவிட அதிகமாகக் கொண்டிருந்தனர். கொரிய நாட்டில் 1954இல் சன் மியுங் மூன் என்பவர் தோற்றுவித்த சபை, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இளைஞரைக் கவர்ந்தபோது, மனத்தைக் களவாடும் மாயவித்தை நடப்பதாகப் பெற்றோர் அலறினர். ஐலீன் பார்க்கர் என்ற சமூகவியல் அறிஞர் ஆண்டுக்கணக்கில் அருகிருந்து ஆராய்ந்து, 1984இல் நூல் வெளியிட்டார். கண்டது என்ன? அச்சபையார் நடத்திய பயிற்சி முகாம்களுக்குச் சென்று தங்கியவருள் பத்தில் ஒன்பது பேர் சேரவே இல்லை. சேர்ந்தவரிலும் பெரும்பாலோர் இரண்டாண்டுகளுக்குள் வெளியேறிவிட்டனர். மாயவித்தை உண்மையானால், பத்துப் பேரில் ஒருவரிடம் மட்டுமே பலிக்கிற மாயவித்தையா அது?

படிப்பில்லாதவன் என்பது மூன்றாவது விடை. 1995 மார்ச் 20ஆம் நாள், ஜப்பானின் டோக்கியோ நகரச் சுரங்க ரயிலில் நச்சு வாயுவைப் பரப்பியது ஓம் ஷின்ரிக்யோ என்னும் சமயக் கூட்டம். அந்த நச்சைக் காய்ச்சியவர்கள் கற்றுத் தேர்ந்த வேதியியலார். பரப்பியவருள் ஒருவர் இதய அறுவை மருத்துவர். படிப்பு அவர்களைக் காக்கவில்லை. ஆகவே, ஏட்டுப் படிப்பில்லாத வலைஞனைப் பார்த்து எள்ளி நகையாடும் தகுதி பட்டதாரிக்கு இல்லை.

மூன்று விடைகளும் உடைந்துவிட்டன. அவ்வாறாயின், மெய்யான விடை எங்கே கிடைக்கும்? பழவேற்காட்டிலேயே அதன் ஒரு நுனி கிடைக்கிறது.

தலைக்கட்டு என்றொரு சொல்

பழவேற்காட்டு ஏரியில் பாடு என்றொரு முறை உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களில் வழிவழி உரிமை பெற்ற பட்டினவர், ஏரியின் மீன்பிடி இடங்களைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றனர். மாதாவைத் தொழும் ஊரும் அம்மனைத் தொழும் ஊரும், சண்டை சச்சரவுக்கு இடமின்றி ஒரே நீரைப் பங்கிட்டுக்கொள்ள, அரசும் காவலரும் தேவைப்படாமல், மக்களே கண்ட ஏற்பாடு அது. அந்த முறையில் பங்குள்ள ஆடவனுக்குத் தலைக்கட்டு என்று பெயர்.

தலைக்கட்டு! சொல்லைச் சிந்தியுங்கள், தோழர்களே. ஊர் எண்ணும்போது எண்ணப்படுகிற தலை அது. அதற்கு ஏரியில் இடம் உண்டு; பஞ்சாயத்தில் குரல் உண்டு; திருவிழாவில் வரியும் உண்டு, மரியாதையும் உண்டு. ஆனால் அந்த எண்ணிக்கைக்கு வெளியே எத்தனை தலைகள்! இடுப்பளவு நீரில் குனிந்து, கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்ணின் தலை அந்தக் கணக்கில் இல்லை. நிலத்தில் வேலை அற்றுப்போனதால் நீரில் இறங்கிய தாழ்த்தப்பட்ட தோழனின் தலை இல்லை. கூடை சுமந்து சந்தைக்கு நடக்கும் பட்டினவப் பெண்ணின் தலையில் சுமை உண்டு, தலைக்கட்டு இல்லை.

தலைக்கட்டு உள்ளவன் நிலை மட்டும் உயர்ந்துவிட்டதா? முகத்துவாரத்தை மணல் மூடுகிறது; நீர் ஓட்டம் குன்றினால் மீன் வரத்தும் குன்றுகிறது. தெற்கே எண்ணூரில் அனல்மின் நிலையங்களும், 2001இல் திறக்கப்பெற்ற துறைமுகமும். அதையடுத்துக் காட்டுப்பள்ளியில் மற்றொரு துறைமுகம். வடக்கே, 1969இல் தேர்ந்தெடுக்கப்பெற்ற ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம். ராக்கெட் பறக்கும் நாளில் கடலுக்குச் செல்லத் தடை. விண்ணை அளக்கும் அறிவியலின் நிழலிலேயே, நாளை உலை கொதிக்குமா என்று அறியாத குடும்பம் வாழ்கிறது. பங்கு இருந்தும் பயன் குறைந்தவன் ஒருவன். பங்கே இல்லாதவன் மற்றொருவன். இருவரையும் பெயர் சொல்லி அழைத்து, "வா, அமர், உன் துயரத்தைச் சொல்" என்று ஒரு கொட்டகை கதவு திறந்தால், அவர்கள் நுழைவது வியப்பா? நுழையாதிருந்தால் அல்லவா வியப்பு!

தெற்கே ஒரு வரலாறு

கதை புதிதன்று. தமிழகத்தின் தென்கோடிக்கு வாருங்கள். இன்றைய குமரி மாவட்டம் திருவிதாங்கூர் அரசின் கீழ்க் கிடந்த காலம். நாடார் முதலிய உழைக்கும் சாதியார் தலைக்கு வரி செலுத்தினர். அரசுக்கும் கோயிலுக்கும் கூலியின்றி ஊழியம் செய்தனர். குடை பிடிக்கக்கூடாது, காலில் செருப்பு அணியக்கூடாது, பெண்டிர் மேலாடை அணியும் உரிமைக்கே போராட வேண்டியிருந்தது. 1820களில் தொடங்கிய தோள்சீலைப் போராட்டம், 1859 ஜூலையில் அரசு ஆணை பிறக்கும் வரையில் அடியும் உதையும் தீவைப்புமாக நடந்தது.

அந்த மண்ணில், இன்று சாமித்தோப்பு எனப்படும் ஊர்ப்பக்கத்தில், 1809ஆம் ஆண்டை ஒட்டி ஒரு பிள்ளை பிறந்தது. பெற்றோர் முடிசூடும் பெருமாள் என்று பெயரிட்டனர் என்றும், ஏழைக் குடியானவன் பிள்ளைக்கு முடி சூடும் பெயரா என்று மேல்சாதியார் சீறவே, முத்துக்குட்டி என்று மாற்றினர் என்றும் அவர்தம் அன்பர்கள் கூறுவர். பெயரில்கூட முடி இருத்தலாகாது. தலை என்று ஒன்று இருந்தால் அது வரி கட்டவும் சுமை தூக்கவும் மட்டுமே!

1833இல் அவர் திருச்செந்தூர்க் கடலில் இறங்கி வைகுண்டராக மீண்டார் என்பது அவர் வழி வந்தோர் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை. நாம் காண வேண்டியது, கரையேறிய பின் அவர் செய்தது என்ன என்பதை. தம்மைத் தேடி வந்த ஆடவரிடம், தலைப்பாகை கட்டி வழிபட வாருங்கள் என்றார். தலைப்பாகை மேல்சாதியின் உடைமையாக இருந்த நாட்டில்! பல சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் எடுக்கவும், ஒரே பந்தியில் உண்ணவும் வழி செய்தார். அவர் வழி வந்தோர் கருவறையில் சிலையை வைக்கவில்லை, கண்ணாடியை வைத்தனர். தொழ வந்தவன் அதில் கண்டது தன் முகத்தை; தலைப்பாகையோடு கூடிய தன் தலையை!

எழுநூறு குடும்பங்கள் கடற்கரையில் தங்கி, நாள்தோறும் நீராடி, உடை துவைத்து, ஒருவேளை உண்டு தவம் இருந்தன என்று அவ்வழியின் வரலாறு கூறுகிறது. துவையல் தவசு என்பது அதன் பெயர். அழுக்கர் என்று இகழப்பட்ட மக்கள், தூய்மையையே தவமாகக் கொண்டனர். இதனைக் கேட்டு நகைப்பவன், இகழ்ச்சியின் எரிச்சலை ஒருநாளும் உணராதவன்.

அரசு சும்மா இருந்ததா? வைகுண்டரைப் பிடித்துத் திருவனந்தபுரத்தில் சிறைவைத்தது. 1839இல் விடுதலையானார். மறுபுறம், 1840களில் லண்டன் மிஷன் பாதிரிமார் எழுதிய அறிக்கைகள், இந்த முத்துக்குட்டியின் கூட்டம் தங்கள் பணிக்குப் பெரும் இடையூறு என்று முறையிட்டன. அரசனுக்கும் ஆகாதவர், பாதிரிக்கும் ஆகாதவர். கருவூலம் இல்லை, காவற்படை இல்லை, அயல்நாட்டு நிதி இல்லை. சேர்ந்தவனுக்குக் கிடைத்தது அடியும் பழியும். ஆயினும் சேர்ந்தனர், நின்றனர். 1851இல் அவர் மறைந்தபின்னும் நிழல் தாங்கல்கள் பெருகின. 1841இல் எழுதப்பெற்ற அகிலத்திரட்டு அம்மானை இன்றும் அங்கே ஓதப்படுகிறது. விலைபோனவர் கூட்டமா இது? மூளை மழுங்கியவர் கூட்டமா? நிமிர்ந்து நிற்க ஓர் இடம் கிடைத்தவர் கூட்டம்!

நான்கு பசிகள்

ஒன்றோடு நிறுத்தாதீர்கள். 1530களில் முத்துக்குளித்துறையில் பரதவர் ஆயிரக்கணக்கில் கத்தோலிக்கராயினர். கடலில் போட்டியாளரோடு மூண்ட பூசலில், போர்த்துக்கேயர் துணை வேண்டி அவர்கள் கொச்சிக்குத் தூது சென்றது வரலாறு. அவர்கள் தேடியது பாதுகாப்பு. பிரான்சிஸ் சவேரியார் 1542இல் வந்தபோது, அவர்கள் முன்னரே ஞானநீராட்டுப் பெற்றிருந்தனர். கொள்கை விளக்கம் பின்னரே வந்தது.

வடலூரில் 1867 மே 23ஆம் நாள் வள்ளலார் தருமச்சாலையைத் திறந்தார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. சாதியும் மதமும் சமயமும் பொய் என்றுரைத்த அவரை வைதீகம் வன்மையாக எதிர்த்தது. அவர் தம் சங்கத்தின் வாயிலில் வைத்தது வாதத்தை அன்று, சோற்றை.

1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அம்பேத்கர் பௌத்தம் தழுவியபோது, இலட்சக்கணக்கானோர் உடன் தழுவினர். 1981 பிப்ரவரியில், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து மீனாட்சிபுரத்தில், தாழ்த்தப்பட்ட மக்கள் நூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்களாக இஸ்லாத்தைத் தழுவினர். நாடே அதிர்ந்தது; தலைவர்கள் படையெடுத்தனர். மதம் மாறிய மறுநாள் கேட்ட கேள்விகளை, தேநீர்க்கடையில் தனிக்குவளை வைத்த நாளில் கேட்டிருந்தால், அந்த அதிர்ச்சிக்கே இடமிருந்திராது.

மேல்மருவத்தூரைப் பாருங்கள். மாதவிலக்கைக் காட்டிப் பெண்ணைக் கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்திய நாட்டில், எந்த நாளிலும் வரலாம், கருவறையில் நீயே பூசை செய்யலாம் என்றார், 2023இல் மறைந்த பங்காரு அடிகளார். செவ்வாடை அணிந்து பேருந்து பேருந்தாகப் பெண்கள் சென்றதன் காரணத்தை, வேறு எங்கும் தேட வேண்டா.

இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்தால் நான்கு பசிகள் தெரிகின்றன. மானப் பசி ஒன்று. நோயும் பஞ்சமும் வந்த நாளில் ஒரு கை வேண்டும் என்ற துணைப் பசி மற்றொன்று. பெயர் சொல்லி அழைக்கும் கூட்டம் வேண்டும் என்ற உறவுப் பசி மூன்றாவது. "எனக்கு ஏன் இந்தத் துயரம்?" என்ற கேள்விக்கு விடை தேடும் பொருட் பசி நான்காவது. அமெரிக்க ஆய்வாளர் லோஃப்லாண்டும் ஸ்டார்க்கும் 1965இல் வெளியிட்ட ஆய்விலும் இதே செய்திதான்: புதிய சமயத்தில் சேர்வோரை இழுப்பதில், போதனையைவிட உள்ளே இருக்கும் நண்பர்களோடு கொண்ட பற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. முதலில் தோழமை, பின்னரே கொள்கை. கடற்கரைக் குப்பத்துப் பெண்ணுக்கு இது ஆய்வில்லாமலே தெரியும். கணவன் குடியை விட்டான். கூலி வீட்டுக்கு வந்தது. காய்ச்சலில் கிடந்தபோது நான்கு பெண்கள் கஞ்சி கொண்டுவந்தனர். அவளிடம் போய் இறையியல் பேசுவது யாருக்காக?

நிற்பதன் காரணம் வேறு

இதுவரை சென்றதன் காரணம் பேசினோம். நிற்பதன் காரணம் முற்றிலும் அதுவே அன்று. இங்கேதான் நாம் விழிப்போடு இருக்க வேண்டும்.

உறவுக்காகச் சென்றவனுக்கு, நாளடைவில் அந்த உறவே உலகமாகிவிடுகிறது. பழைய நண்பரை இழக்கிறான், பொருளைக் கொடுக்கிறான், ஊரார் ஏச்சை ஏற்கிறான். இவ்வளவும் கொடுத்தபின், தவறிவிட்டேன் என்று ஒப்புவது, கொடுத்த அனைத்தையும் வீண் என்று ஒப்புவதாகும். அதற்கு மனம் துணியாது. 1954 டிசம்பர் 21ஆம் நாள் பெருவெள்ளம் வந்து உலகை அழிக்கும் என்று சிகாகோ நகர்ப்பக்கத்தில் ஒரு சிறு கூட்டம் நம்பியது. வேலையை விட்டனர், உடைமையைத் துறந்தனர். நாள் வந்தது, வெள்ளம் வரவில்லை. கூட்டம் கலைந்ததா? ஒன்றாக அமர்ந்து காத்திருந்தவர்களோ முன்னிலும் முனைந்து பரப்பத் தொடங்கினர். தனித்தனியே வீட்டில் காத்திருந்தவர்களே நம்பிக்கை இழந்தனர். அருகிருந்து பார்த்த உளவியலார் 1956இல் இதனை நூலாக்கினர். பொய்த்துப்போன வாக்கும் கூட்டத்தின் நடுவே வாழும், தனிமையில்தான் சாகும்.

இன்னும் கொடிது உண்டு. கதவே பூட்டப்பட்ட இடங்கள். அமெரிக்காவில் ஜிம் ஜோன்ஸ் நடத்திய மக்கள் கோயில், கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக அமரும் சபையாக, முதியோருக்கு இல்லமும் பசித்தோருக்கு உணவும் தந்த சபையாக வளர்ந்தது. நம்மைப் போலவே சமத்துவம் பேசிற்று! அவர் அவர்களைக் கயானா நாட்டுக் காட்டுக்குள் அழைத்துச் சென்றார். தலைவரைக் கேட்க ஆளில்லை, வெளியேற வழியில்லை. 1978 நவம்பர் 18ஆம் நாள், குழந்தைகள் உட்பட 900க்கு மேற்பட்டோர் நஞ்சினால் மாண்டனர்.

நம் நாட்டிலேயே, 1983 இனக்கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து, திருச்சிப் பக்கத்தில் ஆசிரமம் அமைத்தார் பிரேமானந்தா. ஆதரவற்ற பிள்ளைகளுக்கு அது அடைக்கலம் என்றனர். 1997இல் புதுக்கோட்டை நீதிமன்றம், ஆசிரமத்துச் சிறுமியரைக் கெடுத்த குற்றத்துக்கும் கொலைக்குற்றத்துக்கும் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. அந்தச் சிறுமியர் ஏன் ஓடிவிடவில்லை என்று கேட்பவரை நான் திருப்பிக் கேட்பேன்: எங்கே ஓடுவது? வீடு எரிந்தது, நாடு போயிற்று. வேறு கதவைத் திறந்து வைத்திருந்தவர் யார்?

ஆகவே, வைகுண்டரின் தாங்கலையும் ஜோன்ஸின் காட்டையும் ஒரே தராசில் நிறுப்பது அறியாமை. எல்லாம் ஒன்றே என்று ஏசுபவன் பொல்லாங்கை அடையாளம் காணும் கண்ணை இழக்கிறான். இரண்டையும் பிரித்தறிய நான்கு கேள்விகள் போதும். பணத்துக்குக் கணக்குக் கேட்கலாமா? தலைவர் தவறினால் தவறு என்று சொல்லலாமா? வெளியே உள்ள தாயோடும் தோழனோடும் தடையின்றிப் பழகலாமா? வேண்டாமென்றால், பழியின்றி வெளியேறலாமா? நான்குக்கும் ஆம் என்றால், நமக்கு உடன்பாடில்லாத நம்பிக்கையாயினும், அது மக்களின் உரிமை. நான்குக்கும் இல்லை என்றால், அது எந்தக் கடவுளின் பெயரைச் சொன்னாலும் சிறைக்கூடம்.

கண்ணாடியை நம் பக்கம் திருப்புவோம்

இதோ கசப்பான பகுதி. இந்த நான்கு கேள்விகளை நம் கிளைக்கழகத்தின் வாயிலில் எழுதி வைத்தால் எப்படி? நிதிக்கணக்கை உறுப்பினன் கேட்டால் முகம் சுளிக்கிறோமா, ஏட்டை நீட்டுகிறோமா? மாவட்டத் தலைவர் தவறினால் சொல்ல நா எழுகிறதா? மாற்றுக் கட்சிக்காரனின் வீட்டுத் திருமணத்துக்குப் போனவனைத் துரோகி என்கிறோமா? விலகியவனை வழியில் கண்டால் வணக்கம் சொல்கிறோமா? கடவுளை மறுத்துவிட்டு மனிதனைக் கடவுளாக்கி வைத்திருந்தால், ஜெபக்கொட்டகையைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை நமக்கு ஏது?

அந்தப் பழவேற்காட்டுத் தோழனை எண்ணிப் பாருங்கள். சுவரொட்டி ஒட்ட ஆள் தேவைப்பட்ட இரவெல்லாம் அவனை அழைத்தோம். அவன் மகனுக்குக் காய்ச்சல் கண்ட இரவில் அவன் நம்மை அழைத்தானா? அழைக்கலாம் என்று அவனுக்குத் தோன்றிற்றா? கூட்டத்துக்கு ஆள் சேர்க்க அவன் மனைவியைப் படகில் ஏற்றினோம், மேடையில் ஏற்றினோமா? அங்கே அவளை எழுந்து பேசச் சொன்னார்கள். சாட்சி சொல் என்றார்கள். வாழ்நாளில் முதன்முறையாக நூறு பேர் அமைதியாக இருந்து அவள் சொல்வதைக் கேட்டனர். அவள் போனது அங்கே; அவள் போனதற்குக் காரணம் இங்கே!

"அப்படியானால் மூடநம்பிக்கையை ஏற்கச் சொல்கிறீரா?" என்று கேட்பீர்கள். இல்லை. ஒருநாளும் இல்லை. ஜெபத்தால் காசநோய் தீரும், மாத்திரையை எறி என்று ஒருவர் சொன்னால் அது கொலைக்கு ஒப்பான சொல். ஆறு திங்கள் தவறாது உண்ண வேண்டிய மருந்தை நடுவில் நிறுத்தினால், மருந்துக்கு அடங்காத நோயாக அது மூளும்; வீட்டாரையும் பற்றும். அங்கே நாம் வாளாவிருத்தல் குற்றம். ஆனால் அந்த நோயாளியைக் காப்பது மேடைப்பேச்சு அன்று. நாள்தோறும் மாத்திரையோடு அவன் திண்ணையில் போய் அமரும் தோழனே அவனைக் காப்பான். "ஜெபமும் செய், மாத்திரையும் விழுங்கு; முதலில் உயிரோடு இரு, வாதத்தைப் பிறகு வைத்துக்கொள்வோம்" என்று சொல்லும் நெஞ்சு வேண்டும்.

ஆதலின், ஏரிக்கரைக் கிளைகளுக்கு நாம் கூறுவது இது. ஒன்று: வழிபாடு மாறியதைக் காட்டி எவரையும் ஊர்விலக்கு செய்யவோ, தண்ணீரையும் ஏலத்தையும் தொழிலையும் மறுக்கவோ விடாதீர்கள். அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு தந்த மனச்சான்று உரிமை, நமக்குப் பிடித்த மனச்சான்றுக்கு மட்டும் உரியதன்று. கடவுளே இல்லை என்று சொல்லும் நம் உரிமையும் அதே பிரிவின் நிழலில்தான் நிற்கிறது. இரண்டு: மோசடியும் வன்கொடுமையும் நடந்தால், அஞ்சாது காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் செல்லுங்கள்; குற்றத்தைப் பிடியுங்கள், நம்பிக்கையை அன்று. மூன்று: வெளியேற விரும்புபவனுக்குக் கதவைத் திறந்து வையுங்கள். "சொன்னேனே, கேட்டாயா?" என்று குத்திக்காட்டும் இடத்துக்கு எவன் திரும்புவான்? நான்கு: தலைக்கட்டு இல்லாத தலைகளை எண்ணுங்கள். இருளர் பெண்ணுக்கும், கூடைக்காரிக்கும், பாட்டில் பங்கற்ற வலைஞனுக்கும் கிளைக்கூட்டத்தில் இடமும் சொல்லும் கொடுங்கள். முகத்துவாரத்துக்கும் மீனவர் உரிமைக்கும் போராடும்போது, வெள்ளைச் சட்டைக்காரனையும் செவ்வாடைக்காரியையும் உடன் அழையுங்கள். மணல் மூடினால் அவர்கள் உலையும்தானே அணைகிறது!

தோழர்களே! அந்தத் தோழனிடம் இந்த வாரமே செல்லுங்கள். கையில் துண்டறிக்கை வேண்டா. உதட்டில் கேலி வேண்டா. மாலையில் அன்று; அது அவன் ஜெப நேரம். விடியலில், வலை உலர்த்தும் வேளையில் செல்லுங்கள். அவன் மகன் உடல்நலம் என்ன என்று கேளுங்கள். அவன் திரும்பி வருவானா, வரமாட்டானா என்பது அவன் விருப்பம். அவன் தலையும் நம் கணக்கில் ஒரு தலைதான் என்று அவனுக்குத் தெரியச் செய்வது நம் கடமை. இருபதாண்டுக் காலம் செய்ய மறந்த கடமை அது. இன்று தொடங்குவோம்!